பிள்ளை பெற்றவளுக்கு ஒரு செம்புத் தண்ணீர்

தொண்ணூறுகளின் நடுவில், கத்திரி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மே மாதம். இடம், சேரன்மகாதேவியில் என் மாமியார் வீடு. முதல் பிரசவம் முடிந்து, பெண் குழந்தையோடு என் மனைவி அங்கே இருந்தாள். நான் பாளையங்கோட்டையில் என் அம்மாவுடன் இருந்துகொண்டு, ஒரு பம்புசெட் கடையில் விற்பனையாளனாக வேலை பார்த்தேன். ஊரார் வயலுக்கெல்லாம் தண்ணீர் ஏற்றிவிடுவதுதான் பிழைப்பு. அப்படிப்பட்டவன் பெண்டாட்டிக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொடுக்கப் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் ஊருக்குள் நக்கல்காரன் என்று பெயர் எடுத்தவன். சாவு விழுந்த துட்டி வீட்டில்கூட நாலு பேர் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கும்படி ஏதாவது சொல்லிவிடுவேன். ஆனால் பதற்றம் என்று வந்துவிட்டால் முதலில் ஊரைவிட்டு ஓடுவது என் மூளைதான். பிரசவத்தன்று நர்ஸ் கதவைத் திறந்து, "இந்தப் பொண்ணோட வீட்டுக்காரர் யாரு?" என்று கேட்டார். நான் பொறுப்பாக எழுந்து நின்று, "இப்பத்தான் வெளிய போனாரு, கூட்டிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, என்னைத் தேடிக்கொண்டு வாசல் வரை ஓடினேன். மாமனார் பின்னாலேயே வந்து, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

குழந்தை பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் பிடித்துப் பார்க்கப் போனேன். மனைவி இருந்த உள்ளறைக்கு வெளியே எனக்கொரு நாற்காலி போட்டிருந்தார்கள். உள்ளே அவள் வயிற்றில் பழைய நூல்சேலையை இறுக்கிச் சுற்றி, காதில் பஞ்சு வைத்து, சுவரில் சாய்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. என் அத்தை, அதாவது மாமியார், அந்தப் பக்கம் போனதும் மெல்லக் கேட்டாள்.

"ஒரு வாய் பச்சத்தண்ணி கொண்டாரியளா? யாருக்கும் தெரியாம."

எனக்குச் சிரிப்பு வந்தது. மல்லிகைப்பூ கேட்பாள், அல்வா கேட்பாள் என்று நினைத்தால், நாலு தெரு தள்ளித் தாமிரபரணி ஓடுகிற ஊரில் இருந்துகொண்டு தண்ணீர் கேட்கிறாளே! விசாரித்தால் அது பத்தியமாம். பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு போட்டுவிடும், குழந்தைக்குச் சளி கட்டும். அதனால் சோறு, பூண்டுக் குழம்பு, மிளகு, லேகியம் எல்லாம் உண்டு. தண்ணீர் மட்டும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சின்ன டம்ளர், அதுவும் சுக்கு போட்ட வெந்நீர். கருவாடு நாலு வாய் தின்றாலே கால் குடம் தண்ணீர் குடிக்கும் எனக்கு அதைக் கேட்கவே நாக்கு உலர்ந்தது.

குழந்தை தொட்டிலில் அரைத் தூக்கத்தில் கிடந்தது. அழுதாலும் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அத்தை பெருமையாகச் சொன்னார்: "உங்க மவ மகா சமத்து, மருமவனே. துணியவே நனைக்க மாட்டேங்கா. கொடியப் பாருங்க, ரெண்டு துணிதான் காயுது." நானும் கொடியைப் பார்த்து மார்பை நிமிர்த்திக்கொண்டேன். என் புத்தி பிள்ளைக்கு வந்திருக்கிறது, சிக்கனக்காரி என்று.

மறுநாள் தாயையும் பிள்ளையையும் அம்பாசமுத்திரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டப் போனோம். குழந்தையை எடைத் தட்டில் போட்டுப் பார்த்தவர் முகம் மாறியது. "ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போகுது?" என்றார். நான் முந்திக்கொண்டு, "தொந்தரவே கிடையாது டாக்டர், ஒண்ணு ரெண்டு தடவைதான்" என்றேன், பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி. அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் நாற்காலியோடு ஓரடி பின்னால் போனேன்.

பிறகு என் மனைவியைச் சோதித்தார். நாக்கு உலர்ந்திருக்கிறது, சிறுநீரில் தொற்று, எரிச்சல், உள்காய்ச்சல். பால் சரியாக ஊறவில்லை. குழந்தை பிறந்த எடையைக்கூட எட்டவில்லை, இறங்கிக்கொண்டே போகிறது. மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, எழுத்தறிவில்லாதவனுக்குச் சொல்வது போல எனக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "குழந்தைக்குத் தண்ணி குடுக்காதீங்க, அதுக்குத் தாய்ப்பால் மட்டும்தான். தண்ணி அம்மாவுக்குக் குடுங்க. தாகம் எடுக்கிற போதெல்லாம் குடுங்க. வியாழக்கிழமை கொண்டுவாங்க. எடை ஏறலைன்னா பிள்ளையை ஆஸ்பத்திரியில சேர்த்து டிரிப் ஏத்த வேண்டியிருக்கும்."

அந்தக் கைக்கு டிரிப்பா? என் சுண்டுவிரல் தண்டிகூட இல்லாத கை அது. திரும்பி வரும்போது வாடகைக் காரில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்த நான், கல்லிடைக்குறிச்சி தாண்டும்வரை டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் அந்தப் பாதையிலேயே பிறந்து வளர்ந்தவர். "அண்ணாச்சி, பதறாதிய. ரோடு ஒண்ணுதான் இருக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் எல்லாம் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மத்தியானம் பார்த்தால், அதே சின்ன டம்ளர். சாயங்காலம் என் பொருட்டு இன்னொரு அரை டம்ளர் சுக்கு வெந்நீர். அவ்வளவுதான்.

சரி, நேர்வழி அடைத்தால் வாய்க்கால் வெட்டிப் பாய்ச்ச வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். செவ்வாய்க்கிழமை காலை, ஒத்தடம் கொடுக்க வாங்கி வைத்திருந்த ரப்பர் பையைக் கண்டெடுத்தேன். பின்கட்டு மண்பானையிலிருந்து அதில் தண்ணீர் நிரப்பி, மூடியைத் திருகி, வேட்டிக்குள் செருகிச் சட்டையை மேலே விட்டுக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தால் எனக்கு ஏழாம் மாதம்.

உள்ளறைக்குப் போகும் வழியில் அத்தை மிளகு இடித்துக்கொண்டிருந்தார். "இருங்க மருமவனே, காப்பி தாரேன், உக்காருங்க" என்றார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பதற்றத்தில் உட்கார்ந்துவிட்டேன். பத்து வருடமாகப் பம்புசெட் விற்கிறவன், ஒரு மூடியைச் சரியாகத் திருகத் தெரியாதவன் என்பது அந்த நிமிஷம்தான் உலகுக்குத் தெரிந்தது. வயிற்றில் சில்லென்று தொடங்கியது. தொடை, முழங்கால், பிறகு தரை. சிமெண்டுத் தரையில் ஓர் ஓடை கிளம்பி, நேராக அத்தையின் உலக்கையை நோக்கிப் போயிற்று.

அத்தை அந்த ஓடையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "என்ன இது?"

"வேர்வை, அத்தை. வெயில் கூடுதலா இருக்குல்லா."

அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது.

"நான் பெத்த பிள்ளைக்குத் தண்ணி குடுக்க எனக்கு மனசு இல்லன்னா நினைக்கிய? வளைகாப்பு அன்னைக்கு உங்கம்மா என்ன சொன்னாங்க? 'மைனி, பத்தியம் கட்டா இருக்கணும், தண்ணியக் கண்ணுல காட்டப்பிடாது, என் மருமவ வயித்தத் தள்ளிக்கிட்டு வந்தா ஒங்களத்தான் கேப்பேன்'னு எல்லாரும் இருக்கையில சொன்னாங்களா இல்லியா? நீங்க பக்கத்துல உக்காந்து புளியோதரை தின்னுக்கிட்டுதான இருந்திய?"

எனக்குப் புளியோதரை மட்டும்தான் நினைவிருந்தது.

"நான் சொல்லுதேன்ல அத்தை, நான்தான புருஷன், குடுங்க" என்றேன்.

"நீங்க சொல்லுவிய. காலையில சோத்தத் தின்னுட்டுக் கடைக்குப் போயிருவிய. அங்கன நாள் முழுக்கப் பேச்சு வாங்கப் போறது அவதான? டாக்டரம்மா வந்து அவளுக்காகப் பேசுவாங்களா? உங்கம்மா ஒரு வார்த்தை சொல்லட்டும், இந்தப் பானையவே அவ தலைமாட்டுல வைக்கேன்."

அவர் பயந்தது தண்ணீருக்கு அல்ல, எங்கள் வீட்டுக்கு. மாமியார் வீட்டில் புலியாகத் திரிந்தவன் இனிப் போக வேண்டிய இடம் பாளையங்கோட்டை. அங்கே நான் எலி. என் அம்மாவிடம் சத்தம் கூட்டிப் பேசி எனக்குப் பழக்கமே கிடையாது. அப்பா இருந்த காலத்தில் அவரும் பேசியதில்லை.

அடுத்த பஸ்ஸில் ஏறினேன். வழி முழுக்க வசனம் தயார் செய்தேன். "அம்மா, இது இருபதாம் நூற்றாண்டு" என்று ஒரு தொடக்கம் வைத்திருந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா, "என்னலே இந்நேரத்துல?" என்று கேட்டாள். இருபதாம் நூற்றாண்டு காணாமல் போயிற்று. "சும்மாதான் வந்தேன்" என்றேன்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கினேன். அம்மா கேட்டுவிட்டு, "பூண்டு இன்னும் ரெண்டு பல்லு கூடப் போடச் சொல்லு, பால் ஊறும்" என்றாள். "டாக்டர்மார் அப்படித்தான் சொல்லுவாங்க. நான் உன்னப் பெத்தப்ப ஒரு சங்குத் தண்ணிதான் கணக்கு. நீ எரும மாதிரி வளரலியா?"

நான் எருமை மாதிரி வளர்ந்ததுதான் எங்கள் வீட்டில் எல்லா வாதத்துக்கும் கடைசி ஆதாரம். அதை மறுக்க என்னிடம் சாட்சியே இல்லை. அப்போது வாய் தானாகச் சொல்லிவிட்டது:

"அப்படின்னா சரி. அவ எவ்வளவு குடிக்காளோ அவ்வளவுதான் இனிமே நானும். சோத்துக்குப் பொறவு சின்ன டம்ளர் வெந்நி. நீ வந்து அவளுக்குத் தண்ணி குடுக்கச் சொல்லுத வரைக்கும்."

"நீ என்ன பிள்ள பெத்தவனாலே?"

"பிள்ள என்னுதும்தான்."

அம்மா ஒரு நிமிஷம் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு அடுக்களைக்குள் போனாள். போர் தொடங்கிவிட்டது என்பது மத்தியானச் சாப்பாட்டில் தெரிந்தது. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, உறைப்பு கூட. தொட்டுக்கொள்ளக் கொள்ளில் அரைத்த காணத் துவையல். மேலே பொரித்த மோர் மிளகாய். என் பக்கத்தில், கைக்கு எட்டும் தூரத்தில், வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணீர் ஒரு செம்பு. செம்பின் வெளியே முத்து முத்தாக வேர்த்திருந்தது.

சாப்பிட்டேன். ஒரு டம்ளர் வெந்நீர் குடித்தேன். எழுந்து, முன்னறைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். அசையக்கூடாது என்று மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

முதல் ஒரு மணி நேரம் வீரமாகப் போயிற்று. அடுத்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதை எடுப்பதா, விடுவதா என்று ஒரு குழப்பம். பிறகு என் நாடியை நானே பிடித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. முடிந்தது கதை என்று பதறி, அப்புறம்தான் கட்டைவிரல் பக்கத்தை விட்டுச் சுண்டுவிரல் பக்கம் பிடித்திருப்பது தெரிந்தது. என் சைக்கிள் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது வரை யோசித்துவிட்டேன். பக்கத்து வீட்டு நண்பர் எட்டிப் பார்த்து, "என்னவே, உதடெல்லாம் ஓணான் தோலு மாதிரி இருக்கு? விரதமா?" என்றார். "பேறுகாலம்வே" என்றேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா முறைத்த முறைப்பில் வந்த வழியே போய்விட்டார்.

செம்பு அங்கேயே இருந்தது. ஒருமுறை கை நிஜமாகவே போய்விட்டது. அந்தக் கையை இழுத்து, இன்னொரு கையால் பிடித்துத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். அப்போதுதான் உறைத்தது. நான் தாகத்தோடு உட்கார்ந்து அரை நாள்கூட ஆகவில்லை. இவள் பத்து நாளாக இப்படிக் கிடக்கிறாள். அதுவும் ஒரு பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு. சாயந்தரம் வரைக்கும் அல்ல, வியாழன் வரைக்கும் ஆனாலும் எழுந்திருக்கக் கூடாது என்று அப்போது முடிவு செய்தேன். விளையாட்டாகத் தொடங்கியது விளையாட்டாக இல்லை.

மூன்று மணி வாக்கில் அம்மா வந்து எதிரே உட்கார்ந்தாள். கையில் விசிறி. எனக்கு வீசுகிறாளா, தனக்கு வீசுகிறாளா என்று தெரியாதபடி நடுவில் வீசினாள்.

"ரொம்பத் தாகமா இருக்கோ?"

தலையை ஆட்டினேன். பேச எச்சில் இல்லை.

அம்மா என்னைப் பார்க்காமல், வாசலைப் பார்த்துச் சொன்னாள்.

"பிள்ள பெத்தவள குளிக்க வைப்பாங்கல்லா. நொச்சி, வேப்பிலை எல்லாம் போட்டுக் கொதிக்க வச்சி, எம் மாமியா தலையில சளார் சளார்னு ஊத்துவா. நான் மூஞ்சிய மேல தூக்கி வாயத் தொறந்துக்கிடுவேன். வாயெல்லாம் வெந்துபோவும். கசப்புன்னா அப்படி ஒரு கசப்பு. அதத்தாம்லே முழுங்குவேன். எப்படா குளிக்க வைப்பாவன்னு காத்துக்கிட்டுக் கிடப்பேன்."

விசிறி நின்றுவிட்டது. "உங்க அப்பாட்டகூடச் சொன்னதில்ல."

நான் நாக்கை எப்படியோ பெயர்த்தெடுத்துக் கேட்டேன். "அப்ப நான் எரும மாதிரி வளந்தது அந்தத் தண்ணியிலயா?"

விசிறிக் காம்பால் முழங்காலில் ஒரு அடி விழுந்தது. "சவத்து மூதி" என்றாள். எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது வெளியே கட்டும் சேலை மாற்றியிருந்தாள்.

"எந்திலே. அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போனா வெளிச்சத்தோட போயிரலாம்."

"தண்ணி?"

"குடிச்சித் தொலை."

செம்பை ஒரே மூச்சில் கவிழ்த்தேன், இன்னொன்றும் வாங்கிக் குடித்தேன். அதன் பலனாக முக்கூடலுக்கு ரோடு பிரியும் இடத்துக்கு முன்னாலேயே எனக்கு வேறொரு நெருக்கடி வந்ததும், சேரன்மகாதேவி வரும்வரை நான் எந்த நகைச்சுவைக்கும் சிரிக்க மறுத்ததும் தனிக்கதை.

போய் இறங்கினோம். வீட்டு வாசலில் சம்பந்தியைக் கண்டதும் அத்தைக்கு முகம் வெளுத்தது. என் அம்மா யார்? தோற்று வந்த மாதிரி உள்ளே நுழைவாளா? செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"என்ன மைனி, எம் மருமவளத் தண்ணி குடுக்காமக் கருவாடாக் காயப்போட்டிருக்கியளாமே!"

"நீங்கதான மைனி..." என்று அத்தை தொடங்கினார். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று நான் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டேன். அத்தை என்னைப் பார்த்தார். பிறகு, அந்தப் புண்ணியவதி, சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிவிட்டு, "புத்தியில்லாம இருந்துட்டேன் மைனி" என்றார். இத்தனை வருடத்தில் அவருக்கு நான் பட்ட கடன்களில் அதுதான் பெரியது.

தண்ணீரைக் காய்ச்சி ஆற்றி, பெரிய செம்பில் அம்மாவே உள்ளே கொண்டுபோனாள். "பைய குடிட்டி, பைய. தண்ணி எங்கயும் ஓடிறாது" என்று சொல்லச் சொல்ல என் மனைவி குடித்தாள். செம்பின் விளிம்புக்கு மேலே அவள் கண் மட்டும் தெரிந்தது. அது என்னைத்தான் பார்த்தது.

அப்புறம் அறை வாசலில் சம்பந்திகள் இருவரும் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். அம்மா குளியல் தண்ணீர்க் கதையைச் சொல்ல, அத்தை வெட்கத்தோடு, தான் மாட்டுக்கு வைத்திருந்த கழுநீரை அள்ளிக் குடித்ததைச் சொன்னார். இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் அடித்துக்கொண்டு, இருமல் வரும்வரை சிரித்தார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். அப்போது உள்ளிருந்து என் மனைவி, யாரிடமும் குறை சொல்கிற தொனியே இல்லாமல், "நான் பிள்ளையத் துடைக்க வச்சிருந்த ஈரத்துணியச் சப்புவேன்" என்றாள்.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அத்தை எழுந்து போய்ப் பானையைத் தூக்கி வந்து மகளின் தலைமாட்டில் வைத்தார்.

புதன்கிழமை முழுக்க நான் கொடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் வரை ஒன்றுமில்லை. என் மூளை மறுபடியும் மூட்டை கட்டத் தொடங்கியது. பிறகு ஒரு துணி, அடுத்து ஒன்று, சாயங்காலத்துக்குள் கொடி கொள்ளாமல் வேலியிலும் போட்டார்கள். ஒவ்வொரு துணிக்கும் நான் எழுந்து போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். வியாழக்கிழமை எடைத் தட்டின் முள் கொஞ்சம்தான் நகர்ந்தது. ஆனால் சரியான பக்கம் நகர்ந்தது. டாக்டரம்மா, "டிரிப் வேண்டாம், இப்படியே குடுங்க" என்றதும் நான் அவருக்கு நன்றி சொல்வதாக நினைத்துக்கொண்டு, ஒன்றரை எச்.பி. மோட்டாருக்கு எங்கள் கடையில் தரும் தள்ளுபடியைச் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த மகளுக்குப் போன வருடம் பிரசவம். அவளது மாமியார் வீட்டிலிருந்து ஏதோ ஒரு பத்தியம் சொல்லி அனுப்பினார்கள் என்று என் மனைவி கையைப் பிசைந்தாள். சட்டை மாட்டிக்கொண்டு நேராகப் போய்க் கேட்டேன். பார்த்தால், நாங்கள் எதிர்பார்ப்போம் என்றுதான் அவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்களாம். அதனால் எங்கள் வீட்டில் யாராவது "அவங்க என்ன சொல்லுவாங்களோ" என்று இழுக்கத் தொடங்கினால், அந்த "அவங்க" இருக்கிற ஊருக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்றுதான் நான் இன்றும் முதலில் கேட்கிறேன்.